தண்ணி எப்படி வரும்?

"தண்ணி எப்படி வரும்?" என்று குழாயைத் திருகியபடியே கேட்டாள், வாடகைக்கு வீடு பார்க்க வந்திருந்த டீச்சர். அவள் கணவன் ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் கேள்விக்குப் பத்தொன்பது வருடங்களாக "இருபத்துநாலு மணி நேரமும்" என்று கண் இமைக்காமல் சொல்லிவந்தவர் வீட்டுத் தரகர். அன்று தண்ணீரும் வரவில்லை, அந்தப் பொய்யும் வரவில்லை.

காரணம், போன ஞாயிற்றுக்கிழமை. மனைவிக்காகச் சர்ச்சுக்குப் போய்க் கடைசி வரிசையில் தூங்குவதுதான் அவர் வழக்கம். அன்று ஏனோ தூக்கம் பிடிக்கவில்லை. "இயேசு கூப்பிடுறார். யார் வேணும்னாலும் வரலாம், தகுதி ஒண்ணும் வேண்டாம்" என்றார் பாஸ்டர். வாடகை வீட்டுக்கே என்ன வேலை, எத்தனை பேர், நாய் உண்டா என்று குடைகிறார்கள். ஒன்றுமே கேட்காமல் வா என்கிற இடமும் ஒன்று இருக்கிறதே என்று நினைத்தார் தரகர். எழுந்து நடந்தார். "ஆனா வந்தா, பழைய ஆளாத் திரும்பிப் போக முடியாது" என்ற மிச்சம் காதில் விழுந்தபோது முதல் வரிசையைத் தாண்டியிருந்தார்.

"காலையில அரை மணி நேரம் வரும்மா" என்றார் இப்போது. "அதுவும் கீழ்வீட்டுல மோட்டார் போடலன்னாத்தான்."

"காத்து?" என்றான் கணவன்.

"வராது சார்."

இருவரும் அவரை வினோதமாகப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்கள். கதவுக்கு வெளியே வீட்டுக்காரர் நின்றிருந்தார். தரகரின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

"மாப்ள, ஆள் பிடிச்சுட்டு வந்தியா, விரட்ட வந்தியா?"

"கேட்டாங்க மச்சான்."

"கேட்டா சொல்லிடுவியா? நீ மனம் திரும்பணும்னு பன்னெண்டு வருஷமா ஜெபம் பண்ணினவன்டா நான்."

"ஆண்டவர் கேட்டுட்டாரு மச்சான்."

மச்சான் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். அவர் வாய் சும்மா இருக்குமா? சாயங்காலத்துக்குள் ஆறு வீட்டுக்காரர்கள் ஆள் அனுப்பித் தங்கள் சாவிகளையும் வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுச் சுவரில் சாவி மாட்டும் பலகையில் இரண்டே சாவிகள் தொங்கின. அதையே பார்த்துக்கொண்டு தரகர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏங்க, அண்ணன் சொன்னது சரின்னு ஒரு நிமிஷமாவது தோணுச்சா?"

இல்லை என்று சொல்லத்தான் ஆசை. அதுவும் பொய்யாகிவிடுமே.

"படி இறங்குறப்ப தோணுச்சு. அப்புறம் தெருமுனையில ஒரு தடவை."

"போன வாரமே கடைசி வரிசையில தூங்கியிருக்கலாம் நீங்க."

"இருக்கலாம்தான்."

"திரும்பப் போய் உக்காந்துக்கிறீங்களா?"

"இல்ல" என்றார். இது பொய்யில்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவள் சமையலறைக்குப் போய் வடிகட்டியைக் கொண்டுவந்து காலி ஆணி ஒன்றில் மாட்டினாள். அடுத்ததில் குடையை மாட்டினாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மற்ற ஆணிகளுக்கு என்ன கிடைக்கும் என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தாள்.