ரொக்க இங்கிலீஷ்

ஆம்பூரில் கணவன் இறந்தபோது நசீமுன்னிசாவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பாலாற்றங்கரையில் அவன் நடத்திவந்த தோல் பதனிடும் கிடங்கு அவள் கைக்கு வந்தது. தொட்டிகளில் ஊறிக்கொண்டிருந்த தோலும், பதனிட ஆவாரம்பட்டை விற்றவர்களுக்குத் தரவேண்டிய பாக்கியும் கூடவே வந்தன. கணவனின் தம்பி நயீம் அகமதுவுக்குப் பேரணாம்பட்டில் ஒரு சின்னக் கிடங்கு இருந்தது. திரைக்கு வெளியே வராத கோஷா வீட்டுப் பெண்ணால் வியாபாரம் நடத்த முடியாது, தனக்கே விற்றுவிடுங்கள் என்று அவன் சொன்னான். கணவன் இறந்தபின் வீட்டோடு இருக்கும் இத்தா நாட்கள் முடியட்டும் என்றாள் அவள். முடிந்ததும், விற்கப்போவதில்லை என்று சொல்லி அனுப்பினாள்.

கிடங்கு வேலையை மேஸ்திரி கோவிந்தசாமி குறையில்லாமல் பார்த்துக்கொண்டார். விற்பதில்தான் சிக்கல். பதனிட்ட தோலை வாங்க வருஷா வருஷம் மதராஸிலிருந்து ஒரு கம்பெனித் துரை வருவார். அவருக்குத் தமிழும் தெரியாது, உருதும் தெரியாது. தரகர் அமீர் பாஷா நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசுவார். கம்பெனி மூன்று மாதம் கழித்துத்தான் பணம் தரும் என்பது அவர் சொல்லிவந்த வழக்கம். அந்த மூன்று மாதத்தைத் தாண்ட முடியாமல்தான் அவள் கணவன் கடன்பட்டான்.

துரை பேசுவதைத் தன் காதாலேயே கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நசீமுன்னிசாவுக்குத் தோன்றியது. கோஷா வீடுகளுக்குத் தையல் சொல்லித்தர வந்துகொண்டிருந்த மரியம்மாளை இங்கிலீஷும் சொல்லித்தரக் கேட்டாள். மரியம்மாள் தான் பள்ளியில் படித்தபடியே பூனை, எலியில் ஆரம்பித்தாள். இரண்டாம் நாளே நசீமுன்னிசா நிறுத்தினாள்.

"பூனைய வச்சிகினு நான் இன்னா பண்றது, மரியம்மா? பணம் பேசறதுக்குச் சொல்லிக் குடு."

மரியம்மாளுக்குப் பணம் என்றால் 'மணி' என்பதோடு சரி. அவள் கணவன் சாமுவேல் ஆம்பூர் ஸ்டேஷனில் சரக்கு குமாஸ்தா. அவன்தான் வழி சொன்னான். வெறும் மணியை வைத்துக்கொண்டு ஒன்றும் பேச முடியாது. துரைமார் அதோடு எந்தச் சொல்லைச் சேர்க்கிறார்களோ அதையேதான் நாமும் சேர்க்க வேண்டும், இஷ்டத்துக்குக் கோத்தால் யாருக்கும் புரியாது என்றான். ஸ்டேஷனில் காதில் விழுந்ததை அவன் வீட்டில் சொல்ல, மரியம்மாள் அதைக் கொண்டுவந்து சேர்த்தாள்.

'மேக் மணி' என்றால் சம்பாதிப்பது. நாமும் பணம் பண்ணுவது என்றுதானே சொல்கிறோம் என்று நசீமுன்னிசாவுக்கு ஒரே சந்தோஷம். 'ரெய்ஸ் மணி' என்றால் பணம் புரட்டுவது. ரெய்ஸ் என்றால் தூக்குவதாம்; நாம் புரட்டுவதை அவர்கள் தூக்குகிறார்களே என்று இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 'லூஸ் மணி' நஷ்டம். 'ஆன் கிரெடிட்' கடனுக்கு. 'கேஷ் டவுன்' மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. டவுன் என்றால் கீழே; அப்படியானால் ரொக்கம் கம்மி என்று அர்த்தமா என்று கேட்டாள். மரியம்மாளுக்கும் தெரியவில்லை. மறுநாள் விசாரித்துக்கொண்டு வந்தாள். காசை எண்ணிக் கீழே வைத்தால்தான் சரக்கைத் தூக்கலாம், அதுதான் கேஷ் டவுன். நசீமுன்னிசா ஒரு வெள்ளி ரூபாயை எடுத்து வெற்றிலைத் தட்டில் டங்கென்று வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

தை மாதம் துரை வந்தார். கூடத்தில் திரை கட்டி, அந்தப் பக்கம் நாற்காலி போட்டார்கள். திரைக்கு இந்தப் பக்கம் நசீமுன்னிசாவும் மரியம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். துரை தோலை மடித்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு வேகமாக நீளமாக ஏதோ பேசினார். நசீமுன்னிசாவுக்கு முக்கால்வாசி புரியவில்லை. ஆனால் நடுவில் வந்த 'கேஷ் டவுன்' அவள் காதில் தெளிவாக விழுந்தது.

அமீர் பாஷா திரைப் பக்கம் திரும்பினார். "கம்பெனில கை முடைம்மா. வழக்கம்போல மூணு மாசம் ஆவும். நான் இருக்கேன், வாங்கிக் குடுத்துடறேன்."

மரியம்மாள் பேச வாயெடுக்க, நசீமுன்னிசா அவள் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள். ரொக்கமா கடனா என்று துரையிடம் இன்னொரு தடவை கேட்டுச் சொல்லும்படி அமீர் பாஷாவிடம் சொன்னாள். அவர் துரையின் பக்கம் திரும்பக்கூட இல்லை. கடன்தான் என்றார்.

நசீமுன்னிசா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சார், யூ சே கேஷ் டவுன். ஹி சே ஆன் கிரெடிட். விச்?"

துரை மெல்ல எழுந்தார். திரைக்கு நேராக நின்று, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். மரியம்மாள் காதோடு தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். எல்லா வருஷமும் ரொக்கம்தான். வாங்கிய அன்றே முழுப் பணமும் தரகர் கையில் கொடுத்தாகிவிட்டது.

கணவன் அவள் வளையல்களை அடகு வைக்கக் கேட்டு வெட்கப்பட்டுக்கொண்டு நின்றது நசீமுன்னிசாவின் நினைவுக்கு வந்தது. ஆனாலும் அவள் குரலை உயர்த்தவில்லை.

"எங்க பணத்த மூணு மாசம் நீங்க வட்டிக்கு உட்டீங்க, பாய். அதே மூணு மாசம் எங்க ஊட்டுக்காரரு வட்டி கட்டினாரு. அந்த வட்டிய வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டாந்து வையுங்க."

அமீர் பாஷா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார். துரை விலையைச் சற்றுக் குறைத்துக் கேட்டுப் பார்த்தார். "குட் லெதர், குட் மணி" என்றாள் அவள். அவர் சிரித்துவிட்டார். கேட்ட விலையை நோட்டும் வெள்ளியுமாகத் திரைக்கு முன்னால் விரித்திருந்த பாயின்மேல் வைத்தார்.

சேதி ஆம்பூர் முழுக்கப் பரவியது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அவர் தரகு பார்த்த மற்றக் கிடங்குக்காரர்களும் அமீர் பாஷா வீட்டு வாசலில் போய் நின்றார்கள். வேலூரில் இருந்த மனையை விற்று அவர் எல்லாருக்கும் வட்டியைத் திருப்பிக் கொடுத்தார். நசீமுன்னிசா பட்டைக்காரர்களின் பாக்கியைத் தீர்த்தாள், வளையல்களையும் மீட்டாள்.

அதற்குப் பிறகு நயீம் அகமது வந்தான். கிடங்கை விற்கும் பேச்சை எடுக்கவில்லை. பேரணாம்பட்டுத் தோலுக்கும் அடுத்த தடவை அண்ணியே துரையிடம் பேச முடியுமா என்று கேட்டான்.

"பேசறேன், நயீம். ஆனா தரகு உண்டு."

அவன் சரி என்றான். வெளியே கோவிந்தசாமி, புதிதாக இரண்டு தொட்டி கட்டுவதற்கு இடம் அளந்துகொண்டிருந்தார்.