மடுவில் மீன் இல்லை

...சரி, இந்த ஒரு தடவை எறியட்டும், அப்புறம் சொல்லிவிடலாம் என்று முத்துவீரன் நினைத்தான், காலை ஆறரையிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறான், இப்போது வெயில் மடுவின் பாதிக்கு வந்துவிட்டது, தொரை முழங்கால் வரை தண்ணீரில் நின்று அந்த மஞ்சள் நூலைப் பின்னால் வீசி, முன்னால் வீசி, மறுபடி பின்னால்... விட்டார். கொக்கியில் கட்டிய இறகுப் பூச்சி பாறையோரமாகச் சத்தமில்லாமல் இறங்கி உட்கார்ந்தது, ஓட்டத்தோடு வந்தது, வந்தது, ஒன்றும் இல்லை. இருந்தால்தானே. இந்த மடுவில் ஒரு மீன்கூட இல்லை. இது உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும், அந்த ஒருவன் தொரையின் பையை மடியில் வைத்துக்கொண்டு கரையில் குந்தியிருக்கிறான், அவனுடைய மகள் தினுஷா நாலு எட்டு தள்ளி நின்று, நிழல் தண்ணீரில் விழாமல் உடம்பை ஒடுக்கிக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு பார்க்கிறாள். அவளைப் பார்க்காதே. மடுவைப் பார். மடுவையும் பார்க்க முடியவில்லையே, எங்கே பார்ப்பது, பையின் வாரைப் பார்த்தான். தொரை என்று சொல்லாதீங்கப்பா, வெள்ளைக்காரன் காலம் முடிஞ்சு எத்தனை வருசம், அவர் பேரு டேவிட், டேவிட்னே கூப்பிடச் சொல்றார் என்று நேற்று இரண்டு தடவை சொல்லிவிட்டாள், அவனுக்கு வாய் வரவில்லை. ஐம்பத்திரண்டு வருசம் தோட்டத்தில் இருந்தவனுக்கு ஒரே ராத்திரியில் டேவிட் எப்படி வரும்?

டேவிட்டின் ஊரில் இப்போது நல்ல கோடை. போனில் காட்டினார், மலை உச்சியில் இன்னும் கொஞ்சம் பனி, கீழே கறுப்பாக ஒரு ஏரி, அந்தி வெளிச்சத்தில் ட்ரவுட் மீன் வாயைத் திறந்து பூச்சியை எடுக்கிற வட்டம் வட்டமான அலை, கோடை முழுக்க அந்த ஏரியிலும் ஆற்றிலுமே கிடப்பாராம், பிடித்த மீனை ஒரு நிமிஷம் கையில் ஏந்திப் பார்த்துவிட்டுத் திருப்பி விட்டுவிடுவாராம். "திருப்பி விடுறதுக்கா ஒருத்தன் பிளேன் ஏறி வர்றான்? வீட்டுல சோறு போடுற ஆளு இல்லையா அவனுக்கு?" என்று அவன் பெண்சாதி வேலம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள், தினுஷா அதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டாள், தொரை விழுந்து விழுந்து சிரித்தார், வேலம்மா வெட்கப்பட்டு இன்னொரு ரொட்டி வைத்தாள். அந்தக் கோடையை விட்டுவிட்டு அந்த மனிதன் இங்கே ஏன் வந்தார்? தினுஷா அனுப்பிய வீடியோவுக்காக. பெப்ரவரியில் எடுத்தது. மடுவின் மேல் சாய்ந்திருக்கிற அத்தி மரத்திலிருந்து ஒரு பழம் விழுகிறது, விழுந்த இடத்தில் இருபது முப்பது லெஹெல்லா மீன், முதுகு பச்சையும் வயிறு வெண்கலமுமாக ஒன்றின் மேல் ஒன்று ஏறி, தண்ணீரே கொதிக்கிற மாதிரி... உங்க மலையின் ட்ரவுட் இதுதான் என்று பதில் எழுதினாராம். மீன் நன்றாக இருந்தால் மேலே புல்வெளியில் நாலு கூடாரம் போட்டு, வருசம் ஆறு மாசம் தூண்டில் போட ஆட்களை அழைத்து வருவார், தோட்டத்து ஆபீஸ் சரி என்றுவிட்டது, வழிகாட்டி தினுஷாதான், எழுதியே கொடுத்திருக்கிறார். இல்லாவிட்டால்? இல்லாவிட்டால் அவள் ஜோர்தானுக்கு. தையல் ஃபெக்டரி. பாஸ்போர்ட்டை ஏஜென்சிக்காரனிடம் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது, இந்த வெள்ளிக்கிழமை கையெழுத்து, மூன்று வருச ஒப்பந்தம். லயத்து வரிசை வீடுகளிலிருந்து அப்படிப் போன பெண்களில் ஒருத்தி சவப்பெட்டியில் வந்தாள், ஒருத்தி வரவே இல்லை, மற்றவர்கள் வந்து மறுபடி போனார்கள். வேலம்மா அதைப் பேச விடுவதில்லை. மீன் வரட்டும் என்கிறாள். மாரியம்மனுக்கு நேர்ந்துகூட வைத்திருக்கிறாள், பாவி, எந்த அம்மன் வந்து...

மார்ச்சில் நடந்தது. எத்தனை சின்ன விஷயம் அது, நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும், சிரிப்பு வராது. மருந்தடிக்கிற கூட்டம் ஆறு பேர், தேயிலைச் செடியில் செஞ்சிலந்திப் பூச்சிக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள், இரண்டு மணிக்கெல்லாம் மலைக்காற்று கிளம்பி மருந்து முகத்துக்கே திரும்பி வந்தது, போதும் நிறுத்துங்கடா என்றார் கங்காணி. கலக்கிய பீப்பாயில் கால்வாசி மிச்சம். மிச்சத்தைக் கீழே குழியில்தான் ஊற்ற வேண்டும், டேங்கிகளையும் அங்கேதான் கழுவ வேண்டும், போர்டே எழுதி வைத்திருக்கிறது, மூன்று மொழியில். ஆனால் குழி முக்கால் மைல் கீழே, அங்கே பைப்பில் தண்ணீர் நின்று பத்து நாள். நீங்க போங்கடா, நான் பாத்துக்கிறேன் என்றான் முத்துவீரன், அவர்கள் போனார்கள், அவனுக்கு அவசரம். என்ன அவசரம்? அன்றைக்கு மூன்றரைக்கு தினுஷா முதல் தடவையாகத் தொரையோடு பேசப் போகிறாள், லயத்தில் சிக்னல் இல்லை, யானைப் பாறைக்கு ஏற வேண்டும், தனியாக எப்படிப் போவாள், அப்பா நீங்க வந்துருவீங்கதானே என்று காலையிலேயே கேட்டிருந்தாள். வந்துருவேன் புள்ள. அதுதான் அவசரம். மடுவுக்கு வருகிற ஓடைக்குப் பக்கத்திலேயே பீப்பாயைச் சாய்த்தான். வெள்ளையாக, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி போனது, ஓடிவிடும், ஓடுகிற தண்ணீர்தானே, எத்தனை வருசமாக எத்தனை பேர் ஊற்றியிருக்கிறார்கள், மழைக்காலத்தில் ஊற்றியிருக்கிறார்கள், ஆமாம், மழைக்காலத்தில். மார்ச்சில் ஓடை விரல் தண்டி. மூன்றரைக்குப் பாறையில் இருந்தான். அவள் பேசினாள், கையை ஆட்டி ஆட்டி, எறிகிற மாதிரி செய்துகாட்டி, அந்தப் பக்கத்திலிருப்பவர் பார்க்கவா போகிறார், அவனுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, அந்த மாதிரி சந்தோஷமாக அவன் என்றைக்கும் உட்கார்ந்திருந்ததில்லை. அதே நேரம் கீழே மடுவில்...

மறுநாள் விடியற்காலையில் விறகுக்கு வந்தபோதுதான் முத்துவீரன் பார்த்தான். எல்லாம் வயிறு மேலே. பெரியது, சிறியது, குஞ்சு, பாறை இடுக்கில் தலையைக் கொடுத்துச் செத்தது, மேலே தாவிக் கரைமண்ணில் செத்தது. ஒரு நண்டுகூட. உரச் சாக்கில் அள்ளினான், இரண்டு சாக்கு, ஏன் அள்ளினான்? யாராவது எடுத்துக் கறி வைத்துவிட்டால் என்ற பயத்தில்தானே? அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டான். மிளகுக் கொடிகளுக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்து, மேலே சருகு இழுத்துப் போட்டு, சாக்கைக் கழுவி... அதையும் ஓடையில் கழுவினான். அதே வாரம் தினுஷா கண்டிக்குப் போய்விட்டாள், நாலு மாசம் இங்கிலீஷ் வகுப்பு, தொரையே சொல்லியிருந்தார், நான் வரும்வரை மடுவில் யாரும் தூண்டில் போட வேண்டாம், மீன் உஷாராகிவிடும், தண்ணீரைச் சும்மா விட்டுவை என்று. நல்லதாகப் போயிற்று. அவள் திரும்பி வந்தபிறகும் மடுப்பக்கம் வரவில்லை, லயத்துக்கு மேலே விளையாட்டுத் திடலில்தான் எறிந்து பழகினாள், அடுத்த வீட்டுச் சேவலின் கழுத்து இறகைப் பிடுங்கிப் பூச்சி கட்டினாள், சேவல் அவளைக் கண்டாலே கூரையேறியது. அவன் மட்டும் போனான். ஒவ்வொரு வாரமும். சோற்றுப் பருக்கை போட்டான், ரொட்டித் துண்டு போட்டான், கரப்பான் பூச்சி பிடித்துக்கொண்டு போய்ப் போட்டான், பார்த்துக்கொண்டே இருந்தான், இந்தத் தடவை, இந்தத் தடவை. கீழேயிருந்து ஏறி வந்திருக்கலாமே? கீழே அறுபது அடி அருவி, எந்த மீன் ஏறும்? மேலேயிருந்து? மேலே அந்த விரல் தண்டி ஓடை, அதற்கும் மேலே வெறும் ஊற்றுதான். அப்படியானால் நேற்றைக்குள் சொல்லியிருக்க வேண்டாமா, ஜீப்காரன் ஹுஸ்னி மாத்தளையிலிருந்து தொரையை ஏற்றிக்கொண்டு வருவதற்கு முன்னால், அவள் இன்றைக்கென்று சட்டையை இஸ்திரி போடுவதற்கு முன்னால்... சொன்னால் வேலை போகும், அது போகட்டும். அவள் முகம்?

டொப்.

தண்ணீரில் சத்தம். மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். பாறைக்கு இந்தப் பக்கம், நடு மடுவில், ஒரு வட்டம் விரிந்தது, விரிந்து கரையைத் தொட்டது, முத்துவீரன் பையின் வாரை இறுக்கிப் பிடித்தான், ஒன்றே ஒன்று, ஒன்று தப்பியிருந்தால் போதும், ஆத்தா, ஒன்று... தொரை நூலை அள்ளிக்கொண்டு தயாராக நின்றார். தினுஷா அசையவில்லை. வட்டத்தின் நடுவிலிருந்து சிவப்பாக ஒன்று மேலே வந்தது. அத்திப்பழம். மிதந்தது. மெதுவாகச் சுற்றிக்கொண்டு, வெயிலிலிருந்து நிழலுக்கு, நிழலிலிருந்து வெயிலுக்கு, ஒன்றும் அதைத் தொடவில்லை, கீழேயிருந்து ஒரு நிழல்கூட அதன் பக்கம் வரவில்லை, தொரையின் அருகே வந்து, முழங்காலில் முட்டி, தாண்டிப் போயிற்று. தொரை அதைப் போகப் போகப் பார்த்தார். வீடியோவைத்தான் நினைக்கிறார், வேறு என்ன நினைப்பார், முப்பது மீன் கொதித்த இடம். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார், குனிந்து ஒரு கல்லைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தார், இன்னொரு கல், கல்லின் அடியில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்கிறார், தெரிந்தவன் பார்க்கிற பார்வை, பிறகு கரைக்கு வந்து தினுஷாவிடம் ஏதோ கேட்டார். சிரிக்கவில்லை.

"அப்பா, கடைசியா இங்க மீன் எப்ப பாத்தீங்கன்னு கேக்குறார்."

அவள் அவனைப் பார்த்துத்தான் கேட்டாள். இதுதான். இதற்கு மேல் ஒரு தடவை கிடையாது. ஓடையில மேல போயிருக்கும், சூடு தணிஞ்சா வரும், ஆழத்துல கிடக்கும்... எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன, நாலு மாசமாகப் பழக்கி வைத்தவை. பையைக் கீழே வைத்தான். எழுந்து நின்றான், ஏன் என்று தெரியவில்லை, உட்கார்ந்தபடி சொல்ல முடியாது என்று தோன்றியது.

"மார்ச்சுல, புள்ள. நான்தான் மருந்து பீப்பாய இங்க கவுத்தேன். எல்லாம் செத்துப்போச்சு. ரெண்டு சாக்கு... நான்தான் பொதைச்சேன். ஒண்ணுகூட மிஞ்சல. சொல்லு அவருகிட்ட."

தினுஷா திரும்பினாள். இங்கிலீஷில் சொன்னாள். அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் கொஞ்சம், ஃபிஷ் தெரியும், வோட்டர் தெரியும், டெட் தெரியும், தோட்டத்தில் எல்லாருக்கும் அது தெரியும், டெட் வரும் என்று காத்திருந்தான். ஃபிஷ் வந்தது. வோட்டர் வந்தது. ஃபாதர் என்று ஒரு தடவை. டெட் வரவேயில்லை. முடித்துவிட்டாள். தொரை தலையை ஆட்டினார், மேலே அத்தி மரத்தை ஒரு தடவை பார்த்தார், பிறகு அருகே வந்து முத்துவீரனின் தோளை இரண்டு தடவை தட்டினார், குட், குட் என்றார், முகம் தெளிந்திருந்தது, நூலைச் சுருட்டிக்கொண்டே ஜீப் நிற்கிற பக்கம் ஏறத் தொடங்கினார். என்ன இது? செத்துப்போச்சு என்று கேட்டவன் முகமா அது?

"என்ன சொன்ன நீ?"

"நாளைக்கும் வர்றார்ப்பா" என்றாள் தினுஷா. "பையை எடுத்துக்கங்க."

அவ்வளவுதான், அவளும் ஏறிவிட்டாள், முதுகு மட்டும் தெரிந்தது, இஸ்திரி போட்ட சட்டையில் வியர்வை. நாளைக்கு வந்தால் மட்டும்? நாளைக்கும் இதே மடு, இதே கல், வெள்ளிக்கிழமை எங்கே போகும்... பையை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். அவன் சொல்லி முடித்ததும் அவள் தொடங்கினாள் இல்லையா, உடனே, நடுவில் ஒன்றும் இல்லை, கண்கூடப் பெரிதாகவில்லை, புதிதாகக் கேட்டவள் அப்படியா இருப்பாள், ஒரு மூச்சாவது... கண்டியில் இருந்த நாலு மாசமும் ஞாயிறு தவறாமல் போன் எடுப்பாள், அம்மாவிடம் பேசி முடித்தபிறகு அவனைக் கேட்பாள், மீனெல்லாம் எப்படியிருக்குப்பா என்பாள், நல்லா இருக்கு புள்ள என்பான் அவன், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது, ஹலோ, ஹலோ என்று இவன் கூப்பிடுவான், பாறையில் இன்னும் கொஞ்சம் மேலே ஏறி நிற்பான், சிக்னல்தான் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு.