நடு ஆற்றில் நின்ற வண்டி

கெசியாவுக்கு ஆற்றைப் பற்றிக் கவலையில்லை, வண்டிக் கூட்டத்தை நடத்திப் போகிற கேப்டன் ஹார்லனின் வாயைப் பற்றித்தான் கவலை. புருஷன் ஜெத்ரோ காலராவில் போன மறுநாளே அந்த வாய் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆண் துணையில்லாத வண்டி ஒருமுறை சிக்கினாலும் போதும், அங்கிருந்தே மிசௌரிக்குத் திரும்பிவிட வேண்டும். கூட்டம் கையைத் தூக்கி ஆமோதித்தது. ஆரிகனுக்கு நிலம் தேடிப் போகிறவர்களில் பெண்கள் கைதூக்குகிற வழக்கம் இல்லை.

இப்போது பிளாட் ஆறு குறுக்கே கிடந்தது. முழங்கால் ஆழம்தான், ஆனால் அடியில் புதைமணல். நின்ற சக்கரத்தை அது லேசில் விடாது.

கெசியா வண்டியை ஓரங்கட்டி, நாக்குத் தள்ளிக் கிடந்த மாடுகளைத் தண்ணீரில் வாய் வைக்க விட்டாள்.

"ஏம்மா, எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம், நீ என்ன பண்ற?"

"மாடு தண்ணி குடிக்குது கேப்டன். உங்க மாட்டையும் விடுங்க."

"ஆத்துக்குள்ளயேதான போகப் போகுது! பயமா இருந்தா சொல்லிடு, இப்பவே திருப்பி அனுப்பிடுறேன்."

"நீங்க முன்னால போங்க. நான் வந்துடுறேன்."

ஹார்லன் ஊரில் குதிரை வியாபாரி. மாட்டின் குணம் அவனுக்குத் தெரியாது. ஜெத்ரோவும் அப்படித்தான், நல்ல மனுஷன், பேச்சோடு சரி. பண்ணையில் மாடு கட்டி ஓட்டியதெல்லாம் கெசியாதான்.

நடு ஆற்றில் ஹார்லனின் முன்ஜோடி தலையைத் தாழ்த்திக் குடிக்க ஆரம்பித்தது. சாட்டை சுளீர் சுளீரென்று விழுந்தது, மாடு அசையவில்லை. சக்கரம் அச்சுவரை இறங்கியது.

வண்டிக்குள்ளிருந்து அவன் மனைவி டார்கஸ் கத்தினாள்: "நிக்காதீங்க நிக்காதீங்கன்னு ஊருக்கே சொன்னீங்களே, இப்ப நிக்கிறது யாரு?"

கெசியா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். "ஹோய் டியூக், நட!" என்று முன்மாட்டைத் தட்டினாள். வயிறு நிறைந்த மாடுகள் தண்ணீரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அக்கரை சேர்ந்ததும் இரண்டு ஜோடியை அவிழ்த்து, சங்கிலியோடு திரும்பி வந்து, ஹார்லனின் வண்டியை இழுத்துக் கரையில் போட்டாள். எதிர்க்கரையில் மற்றவர்கள் சத்தமில்லாமல் தங்கள் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சிக்கின வண்டி திரும்பணும்னு சொன்னீங்களே கேப்டன்?"

"அது... ஆம்பளத் துணையில்லாத வண்டிக்குத்தான்..."

"இன்னிக்கு என் வண்டிக்கு மட்டும் துணை இருந்துச்சாக்கும்?" என்றாள் டார்கஸ், நனைந்த மாவு மூட்டையைப் பிழிந்தபடி.

ஹார்லன் சங்கிலியை அவிழ்த்துக் கெசியாவின் கையில் கொடுத்தான். மறுநாள் கெசியாவின் வண்டி முதலில் போனது. ஜெத்ரோ போனபிறகு அன்றுதான் அவள் அழுதாள். முன்வண்டியின் தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை, அவளுக்கு முன்னால் வண்டியே இல்லை.