இடஞ்சுழி

அஸர் தொழுகை முடிந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. றம்ஸியா ஆய்வுக்குழு அனுப்பிய கடிதத்தை மூன்றாம் முறை வாசித்தாள்.

மருதமுனையில் கைத்தறித் துணிகளில் பிழை பார்ப்பது அவளுடைய வேலை. அறுந்த இழை எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பியதில்லை. இரண்டு வருடங்களாக, வேலை விட்டு வந்ததும் மடிக்கணினியில் வானியலாளர்களின் படங்களையும் பார்க்கிறாள். சம்பளம் இல்லை. படத்திலுள்ள விண்மீன் மண்டலம் உருண்டையா, சுருளா? சுருள் என்றால் இடஞ்சுழியா, வலஞ்சுழியா? ஒன்பதாயிரம் படங்களுக்குப் பதில் சொல்லிவிட்டாள்.

அவற்றில் நாற்பது சுருள்களை, அவளுக்குச் சொல்லாமல், இரண்டு தடவை காட்டியிருந்தார்கள் என்றது கடிதம். இரண்டாம் தடவை இடம் வலமாகத் திருப்பி. படம் திரும்பினால் பதிலும் மாற வேண்டும். பதினொன்றில் மாறவில்லை. இரு தடவையும் இடஞ்சுழி என்றிருந்தாள். நாற்பதையும் மறுபடி பார்க்கச் சொல்லியிருந்தார்கள். மீண்டும் பிழை வந்தால் ஒன்பதாயிரமும் ஆய்வில் சேராது.

"என்ன புள்ள, பெயிலா?" கணவன் ஸஜாத் கேட்டான்.

"பதினொண்டு பிழை."

"ஒரு இழைக்கு எத்தினை பேர்ர துணியைத் திருப்பி அனுப்பியிருப்பாய்."

"சிரிக்காம வந்து பாருங்க."

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பதினொன்றும் மங்கல் படங்கள்.

"இதில ஒண்டும் விளங்கல்லையே. எப்பிடி இடம் எண்டாய்?"

"பாத்த உடனே அப்பிடித்தான் சுத்தின மாதிரி இருந்திச்சு."

அவன் திரையில் விரலை வட்டமாக ஓட்டினான். நிறுத்தினான்.

"இது நாம தவாப் செஞ்ச பக்கம்."

போன வருடம் உம்றாவுக்கு மக்கா போனபோது, தவாப் சுற்றி முடித்து, மேல் தளத்தில் நின்று கஃபாவை இடஞ்சுழியாகச் சுற்றும் கூட்டத்தை நெடுநேரம் பார்த்திருந்தார்கள். றம்ஸியா படத்தை மறுபடி பார்த்தாள். கூட்டம்தான் தெரிந்தது.

'தெரியவில்லை' என்றும் ஒரு பொத்தான் இருந்தது. நெசவாளர்களிடம் அவள் சொல்லாத சொல். இங்கேயும் ஒரு தடவைகூட அழுத்தியதில்லை.

முதலிலிருந்து தொடங்கினாள். இருபத்தொன்பதுக்குத் தயங்காமல் பதில் சொன்னாள். பதினொன்றுக்கு அந்தப் பொத்தானை அழுத்தினாள்.

"இத்தினைக்குத் தெரியா எண்டா ஆய்வில இருந்து உன்னை வெட்டிப்போடுவாங்க."

"மத்த இருபத்தொன்பதையும் ஒருத்தராலயும் வெட்டேலா."

அனுப்பினாள்.

ஸஜாத் எழும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப அந்த ஒன்பதாயிரத்தில, தெரியாமச் சொன்னது எத்தினை புள்ள?"