இராஜரட்ணத்தின் பேரில் ஓர் அர்ச்சனை

அந்த ஆண்டு முழுவதும் அருள்நாயகிக்கு இரண்டே வேலைகள்தான் இருந்தன. கறுவல் என்கிற குதிரையை மறுபடியும் பந்தயத்துக்குக் கொண்டுபோகவேண்டும். அதை இராஜரட்ணம் தன் இரண்டு கண்களாலும் பார்க்கவேண்டும். இரண்டும் ஒரே வேலைதான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கறுவல் பிக்கரிங்குக்கு வடக்கே ஒரு குதிரைப் பண்ணையில் பிறந்து, அவளுடைய கைக்குள்ளேயே வளர்ந்தவன். அகதியாக வந்த தகப்பனுக்குக் கனடாவில் முதலில் கிடைத்த வேலை அந்தப் பண்ணையில்தான். சிறு பெண்ணாகத் தகப்பனுக்குப் பின்னால் போனவள் அங்கேயே சவாரி பழகி, பிறகு பிறத்தியாரின் பிள்ளைகளுக்குப் பழக்குகிறவளாகவும் ஆனாள். அவள் பழக்கியது பீப்பாய்ப் பந்தயம். மைதானத்தில் மூன்று தகரப் பீப்பாய்களை முக்கோணமாக வைத்திருப்பார்கள். குதிரை வாசலால் பாய்ந்து உள்ளே போய், ஒவ்வொரு பீப்பாயையும் ஒரு தடவை சுற்றிவிட்டு, வந்த வாசலாலேயே பறந்து வெளியே வரவேண்டும். யார் சுறுக்காக வருகிறாரோ அவருக்கே வெற்றி.

பக்கத்து நகரமான அஜக்ஸில் பெரிய வீடும் கார் திருத்தும் கராஜ்களும் வைத்திருந்த இராஜரட்ணம், மகள் தீப்திக்காகக் கறுவலை வாங்கினார். பழக்கியது அருள்நாயகி. தீப்தி நிதானமான பிள்ளை; தகப்பனுக்குத்தான் அவசரம். பந்தய நாட்களில் வாசலிலே சவுக்கோடு நின்று, குதிரையின் பின்பக்கத்தில் விளாசி உள்ளே அனுப்ப ஆரம்பித்தார்.

"அண்ணை, வாசலில வைச்சு அடிக்காதேங்கோ. பிறகு அவன் வாசலைக் கண்டாலே பயப்பிடுவான்," என்றாள் அருள்நாயகி.

அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டியளே? குதிரைச் சாணி அள்ளுறவ எனக்குப் படிப்பிக்க வெளிக்கிட்டா!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுடைய காதுக்குள் குடியேறிவிட்டது. அடுத்த கிழமை தீப்திக்கு வேறொருவர் பழக்கினார். அந்தக் கோடை முடிவதற்குள் கறுவல் வாசலைக் கண்டால் வியர்த்து நடுங்கி, முன்னங்கால்களைத் தூக்கி, ஒருநாள் தீப்தியைக் கீழே போட்டும்விட்டான். இராஜரட்ணம் அவனை இறைச்சிக்காரர்கள் வருகிற ஏலத்துக்கு அனுப்பினார். செய்தி கேட்டதும் அருள்நாயகியின் புருஷன் சண்முகநாதன் ஒரு கேள்வியும் கேட்காமல், குதிரை ஏற்றுகிற வண்டியை ட்ரக்கில் கொழுவிக்கொண்டு வந்து நின்றார்.

"இஞ்சேரும், ஏறும்," என்றார். "என்னையும் ஆராவது ஏலத்தில விட்டால் உப்பிடி ஓடி வருவீரோ?"

"உங்களுக்கு ஆர் விலை கேக்கப்போயினம்?" என்றபடி அவள் ஏறினாள். அன்று ஏலத்தில் கறுவலை அவர்களே வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

அது இலங்கையில் யுத்தம் முடிவதற்கு முந்திய இலையுதிர்காலம். வசந்தம் வந்தபோது வன்னியில் இருந்த அவளுடைய தம்பி சிவராமனிடமிருந்து தொலைபேசி நின்றுபோயிற்று. ஊர்ச்சனத்தோடு சனமாக அவளும் நகரத் தெருக்களில் பதாகை பிடித்து நின்றாள். மே மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்னது. மோர்னிங்சைட் வீதியில் அவர்கள் குடியிருந்த மாடிக்கட்டடத்தில் அன்று ஒரு வீட்டிலும் அடுப்பு எரிந்த மணம் வரவில்லை.

யாரை வெறுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. தம்பியை விழுங்கியது கண்ணுக்கெட்டாத தூரத்தில் நின்ற ஏதோ ஒன்று. இராஜரட்ணத்துக்கோ பேர் இருந்தது, முகம் இருந்தது, அஜக்ஸில் விலாசம் இருந்தது. கைக்கு எட்டிய பகை அவர் ஒருவர்தான். ஆகவே இருந்த கோபம் எல்லாவற்றையும் அவள் அவர்மேல் இறக்கிவைத்தாள்.

அந்தக் கிழமையே அம்மன் கோயிலுக்குப் போனாள். காணாமல் போனவர்களின் பேர்களைச் சொல்லி அர்ச்சனை செய்விக்க வாசல்வரைக்கும் சனம் நின்றது. அவள் தம்பியின் பேருக்கு ஒரு ரிக்கற் எடுத்தாள். பிறகு, கொஞ்சம் யோசித்து, இன்னொன்றும் எடுத்தாள். இராஜரட்ணத்தின் பிறந்தநாள் பூசை வருஷாவருஷம் அதே கோயிலில் ஒலிபெருக்கியில் நடப்பதால், அவருடைய நட்சத்திரம் கேட்டை என்பது ஊருக்கே தெரியும். பேரும் நட்சத்திரமும் கொடுத்தால் அம்மனுக்கு ஆள் மாறாது என்பது அவளுடைய எண்ணம். ஐயர் பேரைச் சொல்லுகிற நேரத்தில், 'இவன்தான் அம்மா, இவனைக் கவனி' என்று மனதுக்குள் சொல்வதாக ஏற்பாடு.

அவள் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே சொன்னாள். ஆனால் ஐயர் தன்பாட்டில், கணீரென்ற குரலில், இராஜரட்ணத்துக்கும் அவருடைய குடும்பம் முழுவதற்கும் நீண்ட ஆயுளும் ஆரோக்கியமும் தொழில் விருத்தியும் பிரிந்தவர் கூடுதலும் வேண்டி, பூவை அள்ளி அள்ளி அம்மனின் காலடியில் போட்டார். அர்ச்சனை என்றால் அதுதானே! சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். கோபம் அவளுக்கு அதை மறைத்துவிட்டது.

ஐயர் பிரசாதத்தை அவளுடைய கையில் வைத்தார். திருநீறு, குங்குமம், ஒரு பூ, ஒரு வாழைப்பழம்.

ட்ரக்கில் ஏறியதும் சண்முகநாதன் கேட்டார்: "ஏன் இரண்டு பிரசாதம்?"

அவள் சொன்னாள். அவர் ஸ்ரியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

"சிரியாதேங்கோ! இப்ப உதை நான் என்ன செய்யிறது? அந்தாளின்ர பழத்தை நான் தின்னமாட்டன்."

"எறியவும் ஏலாது. அம்மன்ர பிரசாதம்."

அன்று பின்னேரம் பழத்தைக் கறுவல் தோலோடு தின்றான். திருநீற்றுப் பொட்டலம் ட்ரக்கின் முன்தட்டுக்குள் கிடந்தது.

கறுவலைத் திருத்துகிற வேலை ஓட்டத்தில் தொடங்கவில்லை. முதலில் மைதானத்தின் வாசலைத் திறந்துவிட்டு, உள்ளே ஒரு கட்டுப் புல்லைப் போட்டு அவனைத் தின்னவிட்டாள். வாசலுக்குக் கிட்டப் போய், அவன் நடுங்குவதற்கு முன்னமே திரும்பி வந்துவிடுவாள். பிறகு ஏறி இருந்து நடை. ஒவ்வொரு பீப்பாயடியிலும் நின்று, அவனுடைய பிடரியடியைச் சொறிந்து, அவன் மூச்சை நீளமாக விட்டுத் தலையைத் தாழ்த்துகிற வரைக்கும் காத்திருப்பாள். வாசலால் வெளியே வரும்போதும் நடைதான். வாசல் என்பது அடி விழுகிற இடமில்லை என்று அவனுடைய உடம்பு நம்பவேண்டும். வாயால் சொல்லி விளங்கப்படுத்துகிற காரியமில்லை.

நல்லாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் ஒன்றை அவள் கவனித்தாள். வேலியோரத்தில் இராஜரட்ணம் நின்று பார்ப்பதாகவும், அவருடைய வாய் தானாகத் திறப்பதாகவும், "சாணி அள்ளுறவளின்ர குதிரை உங்கட மகளை வெண்டிட்டுது அண்ணை" என்று தான் சொல்வதாகவும் நினைக்கிற நேரங்களில் கறுவல் தலையை எறிந்து பக்கவாட்டில் துள்ளினான். அவளுக்கே தெரியாமல் அவளுடைய தொடைகள் அவனை நெரித்தன. அந்த வசனத்தைச் சொல்லாமல் அவளால் ஒருநாளும் கடக்க முடியவில்லை. அதனால் அவனாலும் வாசலைக் கடக்க முடியவில்லை. கோடை அப்படியே போயிற்று.

செப்டம்பரில் நடக்கிற ஊர்ச் சந்தைத் திருவிழாவில் பந்தயம் வந்தது. தீப்தியும் புதுக் குதிரையில் ஓடுகிறாள் என்று அருள்நாயகிக்குத் தெரியும். அதற்காகத்தான் பேர் கொடுத்திருந்தாள்.

தீப்தி ஓடி முடித்தாள், நல்ல ஓட்டம். அடுத்து இன்னும் இரண்டு பேர், பிறகு கறுவல். அருள்நாயகி அவனை வாசலுக்குக் கிட்ட நடத்திக்கொண்டு வந்தபோது, இராஜரட்ணம் வேலியை விட்டு அவளை நோக்கி வந்தார். கறுவலின் காதுகள் பின்னால் படிந்தன. தோள் நடுங்கியது. வந்தவரிடம் சவுக்கு இல்லை என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

வாரும், வாரும் என்று அவள் மனதுக்குள் சொன்னாள். வசனம் நாக்கு நுனியில் நின்றது.

அவர் கையைக் கூப்பினார்.

"தங்கச்சி, உமக்கு எப்பிடி நன்றி சொல்லுறதெண்டு தெரியேல்லை. வன்னியில எங்கட அக்காவைக் காணேல்லையெண்டு நாங்கள் அழுதுகொண்டிருந்த கிழமை, நீர் என்ர பேரில அர்ச்சனை செய்தீராம். என்ர மனுசி வரிசையில பின்னால நிண்டு கேட்டவ. நான் உம்மைச் சொன்ன சொல்லுக்கு, வேற ஆரெண்டாலும் என்னைத் திட்டித்தான் கும்பிட்டிருப்பினம்."

திறந்தது அருள்நாயகியின் வாய்தான்.

"அதே கிழமைதான் தகவல் வந்தது. அக்கா உயிரோட முகாமில இருக்கிறா."

உயிரோடு. அருள்நாயகியின் காசில், அவளுடைய சாபத்தில், இந்த மனிதனுக்கு அக்கா திரும்பக் கிடைத்துவிட்டாள். அவளுடைய தம்பிக்கு எடுத்த ரிக்கற்றுக்குப் பதில் இல்லை. அம்மன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. கறுவல் பின்வாங்கி முன்னங்காலை உயர்த்தினான்.

"அண்டைக்கு மனுசி கேட்ட உம்மட தம்பியின்ர பேரை அக்காவுக்குச் சொல்லியிருக்கிறன்," என்றார் அவர், குரல் தாழ்ந்து. "இன்னும் ஒண்டும் தெரியேல்லை. ஆனால் கூடாரம் கூடாரமாப் போய்க் கேக்கிறா. நாரி பிடிச்சு, இடுப்பு நிமிராத மனுசி. நடக்கவே ஏலாது, எண்டாலும் போறா."

ஒலிபெருக்கியில் அவளுடைய பேரைக் கூப்பிட்டார்கள்.

தான் ஒருநாளும் கண்டிராத அந்த மனுசி, நாரியைப் பிடித்துக்கொண்டு, சேற்றுக்குள் நடந்து, "சிவராமன் எண்டு ஆரும் இருக்கிறியளோ?" என்று கூடாரத் துணியை விலக்கிக் கேட்பது அருள்நாயகிக்குத் தெரிந்தது. அவள் அடக்கி வைத்திருந்த மூச்சு வெளியே போனது. தொடைகள் தளர்ந்தன. கறுவல் நாலு காலிலும் நின்றான், ஆனால் கண் இன்னும் இராஜரட்ணத்தின் கையிலேயே இருந்தது.

"அண்ணை," என்றாள். "அவனுக்கு உங்களைப் பயம். நீங்கள் நிண்டால் உள்ள போகமாட்டான்."

அவருடைய முகம் கறுத்தது. ஒரு கணம் பழைய இராஜரட்ணம் வந்து போவது போலிருந்தது. பிறகு குதிரையைப் பார்த்தார்.

"ஓம். நான்தானே அப்பிடிச் செய்தனான்," என்றார். திரும்பி நடந்து, அவளுடைய ட்ரக்குக்குப் பின்னால் போய், மைதானம் தெரியாத பக்கமாக நின்றுகொண்டார்.

அவர் பார்ப்பதற்காகவே ஒரு வருஷம் பாடுபட்ட காரியத்தை அவரே பார்க்காமல் விலகி நின்றார். அருள்நாயகி கறுவலின் பிடரியடியைச் சொறிந்தாள். அவன் மூச்சு விட்டான். தலையைத் தாழ்த்தினான். வாசலால், ஒரு பசு பட்டிக்குள் போவதைப்போல, நடந்தே உள்ளே போனான். பிறகுதான் ஓடினான். முதலாவது பீப்பாயை அகலமாகச் சுற்றினான், இரண்டாவதை நெருக்கமாக, மூன்றாவதில் அவனுக்குப் பழைய சந்தோஷம் வந்துவிட்டது. அவள் ஒன்றும் செய்யாமலே காற்றாகத் திரும்பினான். வாசலுக்கு வந்ததும் அவள் மூச்சை விட்டாள். அவன் நடைக்கு வந்து, வெளியே நடந்தான்.

நடந்து நுழைந்ததில் போன நேரம் போனதுதான். தீப்தியின் நேரத்தை அவன் தொடவேயில்லை. தீப்திதான் முதலில் கை தட்டினாள்.

சண்முகநாதனிடம் கடிவாளத்தைக் கொடுத்துவிட்டு அருள்நாயகி ட்ரக்கடிக்குப் போனாள். இராஜரட்ணம் அங்கேயே நின்றார்.

"என்ன மாதிரி? உள்ள போனவனோ?"

"போனவன், அண்ணை."

சொல்லவேண்டிய வசனம் இன்னும் தொண்டைக்குள் கிடந்தது. கோபம் அப்படி ஒரே நாளில் போகிற சாமான் இல்லை. அந்தச் சிரிப்பும் காதுக்குள் இருந்தது. அவள் ட்ரக்கின் கதவைத் திறந்து, முன்தட்டுக்குள் துழாவி, காய்ந்த பூவோடு கிடந்த பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

"உங்கட பிரசாதம். அப்பவே தந்திருக்கவேணும்."

அவர் இரண்டு கையாலும் வாங்கி, பிரித்து, நெற்றியில் திருநீற்றைப் பூசிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"பழம் ஒண்டும் தரேல்லையோ ஐயர்?"

"தந்தவர்," என்றாள் அருள்நாயகி. "அதைக் கறுவல் திண்டுட்டான்."

இராஜரட்ணம் ட்ரக்கின் ஓரத்தால் மெல்ல எட்டிப் பார்த்தார். கறுவல் சண்முகநாதனின் சட்டைப்பையை மோந்துகொண்டு நின்றான்.

"அவனுக்குத்தான் சேரவேணும்," என்றார். அவன் காணுமுன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.