அளவுகோலால் அளந்த கீரை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு கெட்ட பழக்கம். செடி எவ்வளவு வளர்ந்தது என்பதை அளவுகோல் வைத்து அன்றே எழுதிவிடுவோம். இலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் கருவிக்கு மட்டும் ஆறு வாரம் வரிசை. அதுவரை மனுஷி சும்மா இருக்க வேண்டுமே. நான் இருக்கவில்லை.

அக்காவின் நிலம் மூடிப்போன முலாம் பட்டறையை ஒட்டியது. மண் முழுக்கக் காட்மியம் என்கிற விஷ உலோகம். எதைப் போட்டாலும் மஞ்சளடித்துச் சாகும். "இத்தனை வருஷமா மண்ணைத்தானே படிக்கிற, என் மண்ணுக்கு ஒண்ணும் பண்ண முடியாதாடி?" என்று போனில் என் உயிரை எடுத்தாள். அவள் மண்ணையே தொட்டிகளில் நிரப்பிக் கீரை விதைத்தேன். அந்த விஷத்திலும் பிழைத்துக் கிடந்த பாக்டீரியாவைப் பிரித்து வளர்த்து, பாதித் தொட்டிகளில் ஊற்றினேன். ஊற்றாதவை விரல் உயரம். ஊற்றியவை முழங்கை உயரம், கரும்பச்சை. அடேயப்பா!

விதிப்படி, மிச்சமான பாக்டீரியாக் கரைசலை வேகவைத்துக் கொன்றுவிட்டுத்தான் கொட்ட வேண்டும். நான் இரண்டு கேனில் பிடித்து அக்காவிடம் கொடுத்தேன். "முளைக்குதான்னு பாரு" என்றேன். சாப்பிடாதே என்று சொல்லத் தோன்றவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

நேற்றுதான் முடிவு வந்தது. பாக்டீரியா ஊற்றிய செடிகளின் இலையில் காட்மியம் மூன்று மடங்கு. வேரை வளர்த்துவிட்ட அதே பாக்டீரியா, மண்ணில் ஒட்டிக் கிடந்த விஷத்தையும் கரைத்து வேருக்கு ஊட்டியிருக்கிறது.

இன்று காலை பஸ் பிடித்துப் போனேன். அக்கா சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வாடி வாடி! மூணு தடவை அறுத்தாச்சு, இன்னும் தழைச்சுக்கிட்டே இருக்கு. உனக்கு ராசியான கைடி."

"அக்கா, அதைக் கீழ போடு. அது விஷம்."

தரையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சிறுநீரகத்தில் போய்ச் சேரும், லேசில் வெளியேறாது என்பதையும் சொன்னேன். "யாரெல்லாம் சாப்பிட்டீங்க?"

அக்கா உள்ளறைக் கதவைப் பார்த்தாள். ஏழு மாதக் கர்ப்பிணியான அவள் மகள் அங்கே படுத்திருந்தாள்.

"நானும் அவரும் தொடவே இல்லடி. ரத்தம் ஊறட்டும்னு எல்லாத்தையும் அவளுக்கே போட்டேன்."

கத்துவாள் என்று காத்திருந்தேன். மடியிலிருந்த தண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தாள்.

உள்ளேயிருந்து தூக்கக் குரல் வந்தது. "சித்தியா வந்திருக்காங்க? அவங்களுக்கும் ஒரு கட்டு குடும்மா."

"போ," என்றாள் அக்கா. "போய் நீயே சொல்லு."