கல்லிரோயி மருந்தடிக்காத வருஷம்

மனூசோஸ் பூச்சிமருந்து அடிக்கும் மெஷினோடு ஆலிவ் மரத்தடியில் விழுந்து கிடந்ததை முதலில் பார்த்தவள் அவன் மனைவி கல்லிரோயிதான். வாயில் நுரை. கண்மணி இரண்டும் ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தன. ரெதிம்னோ ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்து அனுப்பினார்கள். ஆனால் அதற்குப் பிறகு மாடிப்படி ஏறினாலே அவனுக்கு மூச்சு வாங்கியது. அவனோ, "வெயில் தாங்கலை, மயங்கிட்டேன், அவ்வளவுதான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். மருந்து என்னைச் சாய்த்துவிட்டது என்று சொல்ல எங்கள் கிரீட் தீவு ஆண்களுக்கு வாய் வராது.

அடுத்த கோடையில் தோட்டத்தில் ஒரு சொட்டு விஷம்கூட விழக்கூடாது என்று கல்லிரோயி முடிவெடுத்தாள். ஆலிவ் ஈ காயில் குத்தி முட்டையிடும், முட்டை புழுவாகிக் காயைக் குடையும். அதைத் தடுக்க வெள்ளைக் களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து மரங்களின் மேல் அடித்தாள். பூச்சு இருந்தால் ஈ உட்காராதாம். கிளைகளில் ஓட்டை போட்ட பாட்டில்களைத் தொங்கவிட்டு, உள்ளே மீன் ஊறிய தண்ணீரை ஊற்றினாள். வாடைக்கு உள்ளே போகும் ஈ அதிலேயே விழுந்து சாகும்.

காபிக் கடையில் சிரிப்பு அடங்க ஒரு வாரம் ஆயிற்று.

"என்ன கல்லிரோயி, மரத்துக்கெல்லாம் பவுடர் பூசியிருக்கே? பொண்ணு பாக்க வர்றாங்களா?"

"ஆமா. மாப்பிள்ளை நீயா இருந்தா மரமே ஓடிப்போயிடும்" என்றாள் அவள்.

சிரிக்காதவன் ஒருவன் உண்டு. அவளுடைய அண்ணன் சிஃபிஸ். அப்பாவின் தோட்டத்தை இருவரும் பிரித்துக்கொண்டபோது நடுவில் எழுப்பிய கற்சுவர் இடுப்பளவுதான். "ஈக்குச் சுவர் தெரியுமா? உன் பக்கம் வளர்ந்து என் பக்கம் வந்து தின்னும்" என்று பார்க்கும்போதெல்லாம் சொன்னான்.

வெயில் கொளுத்தியவரை ஈக்கள் அடங்கிக் கிடந்தன. கல்லிரோயி அடங்கவில்லை. விடிந்ததும் தோட்டம், சாப்பிட்ட கை காயுமுன் தோட்டம். பாட்டிலைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். காயைப் பறித்துக் கத்தியால் பிளப்பாள். வீட்டுக்கு வந்தாலும் ஜன்னலைத் திறந்து காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"ஒரு இடத்துல உக்காருடி. உன்னைப் பாத்தே எனக்கு மூச்சு வாங்குது" என்பான் மனூசோஸ்.

செப்டம்பர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. களிமண் முழுவதும் கழுவிக்கொண்டு போயிற்று. மழை விட்டதும் ஈரமும் குளுமையும், ஈக்குக் கொண்டாட்டம். பாட்டில்கள் செத்த ஈக்களால் கறுத்தன. ஓடையோரக் காய்களில் குத்தின புள்ளிகள் தெரிந்தன. இன்னும் களிமண் வாங்கிவர அவள் டவுனுக்கு ஓடினாள்.

மதியம் திரும்பி வரும்போது, சாலை வளைவிலேயே அந்த மருந்து வாடை அடித்தது. வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு ஓடினாள். அவள் தோட்டத்துக்குள், அண்ணனின் டிராக்டர் மருந்தைப் பீய்ச்சியபடி சுவரோரம் ஊர்ந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் அதன் முன்னால் நின்றாள். சாரல் முகத்தில் விழுந்தது.

சிஃபிஸ் பதறிப்போய் எஞ்சினை அணைத்தான். "பைத்தியமா உனக்கு? மூஞ்சியைக் கழுவு முதல்ல!"

"கேட்டை யாரு திறந்துவிட்டா?"

"உனக்கு நல்லதுதானே பண்றேன்? எல்லாம் புழுவாப் போனா என்ன சாப்பிடுவே?"

"யாரு திறந்துவிட்டான்னு கேட்டேன் அண்ணே."

அவன் டிராக்டரைப் பின்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

முகம் கழுவிய ஈரத்தோடு அவள் கணவன் முன்னால் போய் நின்றாள். "சாவி நீ குடுத்ததா?"

மனூசோஸ் தரையைப் பார்த்தான். "நான்தான் குடுத்தேன்."

"உன்னை விழவெச்ச அதே மருந்துக்கா?"

"பயமா இருந்துச்சு கல்லிரோயி. நான் எதுக்கும் ஆகாதவனாயிட்டேன். காயும் போச்சுன்னா வீட்டுல மிஞ்சுறது என்ன?" கொஞ்ச நேரம் மூச்சை இழுத்துப் பிடித்தான். "வெயில் இல்லடி அன்னிக்கு. எனக்குத் தெரியும். கை நடுங்க ஆரம்பிச்சப்பவே தெரியும்."

அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே சொன்னாள்: "காத்திருந்தா ஈ தின்னும். இப்பவே பறிச்சிடலாம்."

ஊரில் நவம்பருக்கு முன் யாரும் காய் பறிப்பதில்லை. மனூசோஸ்தான் செக்குக்காரன் லெவ்தேரிஸுக்குப் போன் போட்டான். மறுமுனையில் கத்தல். "மெஷினை இன்னும் கழுவக்கூட இல்லைய்யா! பச்சைக் காயை அரைச்சு என்னத்தைப் பிழிவே, கண்ணீரையா?" மனூசோஸ் விடவில்லை. கெஞ்சினான், பழைய சிநேகிதத்தைச் சொன்னான், கடைசியில் திட்டினான். திட்டியதும் லெவ்தேரிஸ் இறங்கி வந்தான்.

கல்லிரோயியும், கூலிக்கு வந்த இரண்டு அல்பேனியரும் சேர்ந்து பறித்தார்கள். மனூசோஸ் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பறித்த காயிலிருந்து இலை பொறுக்கினான். மருந்து பட்ட மரங்களை அவள் தொடவே இல்லை. ஓடையோரத்துக் காய் பாதிக்குமேல் புழு. அதையும் விட்டார்கள். மேட்டுக் காய் மட்டும் செக்குக்குப் போயிற்று.

எண்ணெய் வழக்கத்தில் பாதிகூட இல்லை. ஆனால் புல்லைக் கசக்கியது போன்ற பச்சை, அப்படி ஒரு மணம். ரொட்டியில் தொட்டு வாயில் போட்ட மனூசோஸுக்குத் தொண்டை காந்தி இருமல் வந்தது. இருமிக்கொண்டே சிரித்தான்.

சிஃபிஸ் செக்கு வாசலில் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று யாருக்கும் தெரியாது. உள்ளே வந்து ஒரு துண்டு ரொட்டியை எடுத்துத் தொட்டுத் தின்றான்.

"உன் பக்கம் எப்படி?" என்றாள் கல்லிரோயி.

"மறுபடியும் அடிச்சேன். இருந்தும் குத்தியிருக்கு. இந்த ஈக்கு மருந்து பழகிப்போச்சு போல." வாயைத் துடைத்துக்கொண்டான். "சுவரை ஒட்டின ரெண்டு வரிசைக்கு இனிமே நான் அடிக்கமாட்டேன். உன் பக்கம் சாரல் வராது. அதுக்குமேல கேக்காதே."

"கேப்பேன்" என்றாள் அவள். "இன்னிக்கு இல்ல. அடுத்த வருஷம் கேப்பேன்."

அவன் தலையை ஆட்டினான். சரி என்றா, முடியாது என்றா, அவளுக்கு விளங்கவில்லை. லெவ்தேரிஸ் அடுத்த எண்ணெய்த் தகரத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிக் கத்தினான். சிஃபிஸ் ஒரு பக்கம் பிடித்தான், அவள் மறுபக்கம் பிடித்தாள்.